அயலூரில் ஒரு சாவக இல்லறம்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையை ஒட்டியுள்ள ஊர் மாகறல். அதற்கு அண்மையில் ஸ்ரீ ஆதிநாதர் ஜினாலயம் விளங்கும் ஆர்ப்பாக்கம் உள்ளது. ஜினகாஞ்சி எனப் புகழ்பெற்ற திருப்பருத்திக்குன்றமும் தொலைவில் இல்லை. வயலையும் தறியையும் நம்பி வாழ்ந்த இப்பகுதிக் குடும்பங்களிலிருந்து இன்று பிள்ளைகள் பணியின் பொருட்டுச் சிங்கப்பூருக்கும் இலண்டனுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றனர். ஈராண்டு, மூவாண்டு என்று ஒப்பந்தம். திருமணமாகிச் சில திங்களில் மருமகளும் உடன் செல்கிறாள். வழியனுப்பும் நாளில் பெரியோர் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அங்கே போய் இராப்பொழுதில் உண்ணாமல் இருக்க முடியுமா?" பிள்ளைகளின் விடையும் ஒன்றுதான்: "பார்த்துக்கொள்கிறோம்."

எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதற்கு நம் இலக்கியத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கோவலனும் கண்ணகியும் மதுரையில் தங்கிய சிறுபொழுது அது. உ. வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டு சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் அச்சிட்டு வெளியிட்டது முதல் அந்நூலைக் கற்போர் பெருகியுள்ளனர். ஆயினும் மதுரைக் காண்டம் என்றவுடன் கொலையும் வழக்கும் தீயுமே நினைவுக்கு வருகின்றன. பதினாறாவதாகிய கொலைக்களக் காதையின் முற்பகுதியில், ஒரு சாவகக் குடும்பம் அயலூரில் முதன்முறை அடுப்பு மூட்டுவதை இளங்கோவடிகள் பொறுமையுடன் விரித்துக் காட்டுகிறார். வகுப்பறைகளில் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவர். நாம் இப்பாடத்தில் அங்கேயே சற்றுத் தங்குவோம்.

முதலில் அவர்கள் வந்த வழியை நினைவுகூர்வது நலம். புகார் நகரில் பொருளனைத்தும் இழந்த கோவலன், மனைவியின் சிலம்பை முதலாகக் கொண்டு பொருள் ஈட்ட எண்ணி, வைகறை இருளில் அவளுடன் புறப்பட்டான். மொழி ஒன்றாயினும் மதுரை அவர்களுக்கு அயல்நாட்டுத் தலைநகரே. அரசு வேறு; தெரு வேறு; முகம் தெரிந்தவர் எவரும் இலர். வழியில் கவுந்தியடிகளின் தவப்பள்ளியை அடைந்தனர். மதுரையில் அருகன் அறம் கேட்கும் விருப்பம் தமக்கும் உண்டு எனக் கூறி அடிகளும் உடன் புறப்பட்டார். ஒவ்வொரு வழியிலும் உள்ள இடரை எடுத்துக் கூறுகையில், நீர்க்கரை வழியே சென்றால் நண்டும் நத்தையும் காலடியில் மிதிபடக்கூடும், அத்துன்பம் நம்மால் தாங்கவொண்ணாதது என்று அவர் கூறுகிறார். பிழைப்புத் தேடிச் செல்லும் பயணத்திலும் முதல் அணுவிரதத்தை விட்டுவிட முடியாது என்பது புறப்படும் இடத்திலேயே சொல்லப்பட்டுவிடுகிறது.

வையையைப் புணையில் கடந்து, மதிலுக்கு வெளியே அறவோர் வாழும் புறஞ்சேரியில் மூவரும் தங்கினர். மறுநாள் கோவலன் நகரைக் கண்டு திரும்பினான். இல்லறத்தார் அவ்விடத்தில் தங்கியிருத்தல் முறையன்று. கதிரவன் மறைவதற்குள் நகரினுள் செல்ல வேண்டும் என்று சான்றோர் கூறினர். அவ்வேளையில், இயக்கிக்குப் பால்மடை கொடுத்துவிட்டுத் திரும்பிய ஆயர் முதுமகள் மாதரி அடிகளை வணங்கினாள். அவளிடம் கண்ணகியை அடைக்கலமாகக் கொடுத்தார் கவுந்தியடிகள். நீராட்டி, மையிட்டு, பூச்சூட்டி, தூய ஆடை உடுத்தித் தாயாகவும் தோழியாகவும் இருந்து காக்க வேண்டும் என்று விவரமாகச் சொல்லியே ஒப்படைத்தார். ஒரு செய்தியை இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும். கோவலனின் தந்தை பெயரைக் கேட்டால் இந்நகரத்து வணிகர்கள் பெறற்கரிய பொருளைப் பெற்றவர்போல விருந்தாக ஏற்றுத் தம் மனைக்கு அழைத்துச் செல்வர். அதுவரைக்குமே இந்த அடைக்கலம் என்றும் அடிகள் கூறியிருந்தார். இதைப் பின்னர் எடுத்துக்கொள்வோம்.

இனி மனை. மாதரி அவர்களைத் தன் இனத்தார் கூடியிருக்கும் இல்லத்தில் வைக்கவில்லை. வேலி சூழ்ந்ததும், சிறிய முன்றில் உடையதும், செம்மண் பூசியதுமான தனி மனையைக் கொடுத்தாள். புதுநீரால் கண்ணகியை நீராட்டினாள். தன் மகள் ஐயையை ஏவற்பெண்ணாக அருகில் நிறுத்தினாள். ஏவற்பெண் என்று சொல்லியவள், அடுத்த பேச்சிலேயே ஐயையைக் கண்ணகிக்கு நாத்தனார் முறையில் வைத்துப் பேசுகிறாள். ஊர் தெரியாத பெண்ணுக்கு அவ்வூரில் ஓர் உறவுமுறை உண்டாகிவிட்டது. வாடகைக்கு வீடு கிடைப்பதைவிட இது பெரிது என்பதைக் குளிர்நாட்டு அடுக்குமாடியில் முதல் திங்களைக் கழித்த பெண்கள் அறிவர்.

அதன்பின் மாதரி தன் இனப்பெண்களிடம் சொல்வதுதான் இப்பாடத்தின் நடுநாயகம். இவர் சாவக நோன்பி; ஆதலால் பகற்பொழுதிலேயே உணவு ஆக்க வேண்டும்; அதற்குரிய நல்ல கலங்களைக் காலம் தாழ்த்தாமல் கொடுங்கள் என்கிறாள். இரவுண்ணாமை என்னும் நம் நோன்பு, வேற்றுச் சமயத்தைச் சார்ந்த ஓர் ஆய்ச்சியின் வாயால் காப்பியத்தில் இடம்பெறுகிறது. அவள் வியக்கவும் இல்லை, நகைக்கவும் இல்லை, காரணம் கேட்கவும் இல்லை. விருந்தினரின் ஒழுக்கம் இன்னது, அதற்கு வேண்டியது இன்னது என்று பார்த்தாள். கவுந்தியடிகளுடன் வந்தவர்கள் என்பதாலும் அடிகள் உரைத்தவற்றாலும் அவள் அறிந்திருக்க வேண்டும். எவ்வாறாயினும், நோன்பு மறைக்கப்படவில்லை என்பது தெளிவு. மறைத்திருந்தால் அன்று மாலை விளக்கேற்றியபின் அன்புடன் சோறு வந்திருக்கும். அதை மறுப்பதா, உண்பதா என்ற இடர்ப்பாடு முதல்நாளே தோன்றியிருக்கும்.

ஆய்ச்சியர் கொணர்ந்த பொருள்களை இளங்கோவடிகள் எண்ணிக் காட்டுகிறார். பலாக்காய், வரியுடைய வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, செந்நெல் அரிசி, தங்கள் பசுக்களின் பயன். கிழங்கு வகை ஒன்றும் இல்லை! இது தற்செயலா, ஆசிரியர் எண்ணி விடுத்ததா என வாதிடலாம். எண்ணி விடுத்ததே என்று நாம் கொள்கிறோம். கொடிவழியில் தூங்கும் காயும் மரத்தில் பழுக்கும் கனியும் வயலில் விளையும் நெல்லும் ஒரே பட்டியலில் வந்து, மண்ணுக்கடியில் விளைவது மட்டும் விடுபடுவது சாவகர் மனையின் சமையலை அறிந்த ஒருவர் எழுதியதாகவே தோன்றுகிறது.

பிறகு சமையல். வளைந்த அரிவாள்மணையில் காய்களை அரிந்து கண்ணகியின் மெல்விரல்கள் சிவந்தன. முகம் வியர்த்தது. கண்கள் சிவந்தன. அடுப்பு மூட்டிக் கொடுத்தவள் ஐயை. செல்வமனையில் பிறந்தவளுக்கு இரவல் பாத்திரங்களில் சமைப்பது புதிது. ஆயினும் குறை கூறும் சொல் ஒன்றும் அவள் வாயில் இல்லை. பனையோலையால் அழகுறப் பின்னிய தடுக்கில் கணவனை இருத்தி, அவன் அடிகளை நீரால் கழுவி, நிலத்தில் நீர் தெளித்து மெழுகி, வாழைக் குருத்திலையை விரித்து உணவு படைத்தாள். கோவலன் தன் குலத்துக்குரிய கடன்களை முறையாகச் செய்துவிட்டு உண்டான். இதைக் கண்டு நின்ற ஐயையும் அவள் தாயும், இவன் யசோதை பெற்ற கண்ணன்தானோ, இவள் நம் குலத்தில் பிறந்த நப்பின்னைதானோ என்று மகிழ்ந்தனர். சாவகனை அவர்கள் தம் கடவுளின் சாயலில் கண்டார்கள். அதனால் இவர்கள் நோன்புக்கும் குறைவில்லை, அவர்கள் பத்திக்கும் குறைவில்லை. வெளிநாட்டில் அண்டை வீட்டார் தம் பண்டிகைக்கு அழைத்தால் போகலாமா என்று கேட்கும் இளையோர் இக்காட்சியைப் படித்துப் பார்க்கலாம்.

கணவன் அமர்ந்திருக்க மனைவி மட்டுமே கைசிவக்க உழைப்பது அக்கால வழக்கு. அதை அப்படியே இன்று பாடமாக்க நாம் விரும்பவில்லை. இருவரும் பணிக்குச் செல்லும் இல்லத்தில் அரிவாள்மணை ஒருவர் கையிலேயே இருந்தால் நோன்பு ஆறு திங்கள்கூட நில்லாது. காலை ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு வேளை உணவையும் ஆக்கி எடுத்துச் செல்ல இருவர் கைகளும் வேண்டும்.

உணவு முடிந்தபின் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வது காப்பியத்திலேயே மிக உருக்கமான இடங்களுள் ஒன்று. கோவலன் தன் தவறுகளை எண்ணி வருந்துகிறான். "புறப்படு என்றேன், புறப்பட்டாய், என்ன அரிய செயல் செய்தாய்!" என்னும் கருத்துப்பட இரங்குகிறான். கண்ணகி தன் துயரை அடுக்கவில்லை. அறவோர்க்கு அளித்தல், அந்தணரைப் பேணுதல், துறவோரை எதிர்கொள்ளல், விருந்தோம்பல் ஆகிய கடமைகளை இழந்து நின்றதையே சொல்கிறாள். கணவன் பிரிந்திருந்த காலத்தில் அவள் இழந்ததாகக் கருதியது இவற்றைத்தான்.

நம் நூல்களுடன் இதை ஒப்பிட்டால் பொருள் விளங்கும். இல்லறத்தார்க்குரிய பன்னிரு விரதங்களில் ஐந்து அணுவிரதங்கள், மூன்று குணவிரதங்கள், நான்கு சிக்ஷாவிரதங்கள். சிக்ஷாவிரதங்களில் இறுதியானதைத் தத்துவார்த்த சூத்திரம் அதிதி சம்விபாகம் என்றும், சமந்தபத்திரரின் இரத்தின கரண்டகம் வையாவிருத்தியம் என்றும் கூறும். அக்கரண்டகத்தைத் தழுவிய தமிழ் நூலே அருங்கலச்செப்பு. தனக்கென ஆக்கிய உணவில் தக்கார்க்குப் பங்களித்தல் அவ்விரதம். இதற்கு மனை வேண்டும். மனையில் இருவர் ஒத்த மனத்தோடு இருக்க வேண்டும். கண்ணகி இழந்தது இதைத்தான்.

பயணத்தோடு நேரே தொடர்புடைய விரதங்களும் இரண்டு உள. திக்விரதம் வாழ்நாள் முழுமைக்கும் திசைகளுக்கு எல்லை வகுத்துக்கொள்வது. தேசாவகாசிகம் அந்த எல்லையையும் குறித்த காலத்துக்கு மேலும் சுருக்கிக்கொள்வது. இல்லம், ஊர், வயல், ஆறு என இடத்தாலும், ஆண்டு, பருவம், திங்கள், பக்கம் எனக் காலத்தாலும் எல்லை சொல்லலாம் என்று சமந்தபத்திரர் வழிகாட்டுகிறார். அயல்நாடு செல்வதற்கே இவ்விரதங்கள் தடை என எண்ணுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. எல்லையை அறிந்து வகுத்துக்கொள்வதே கருத்து. ஈராண்டு ஒப்பந்தத்தில் செல்லும் தம்பதியர் இந்நகரம், இந்தப் பணி, இவ்வளவு பொருள் என்று தொடக்கத்திலேயே வரையறுத்துக்கொண்டால் அது தேசாவகாசிகத்தின் சாயலே ஆகும். ஆய்ப்பாடி மனையில் கண்ணகியிடம் சொந்தமாக ஒரு பாத்திரமும் இல்லை. தங்கும் காலம் சிறிதாயினும் வீடு நிறைய வாங்கி, திரும்பும் நாளில் தெருவில் வைத்துவிட்டு வரும் வழக்கத்தைப் பரிக்கிரக அளவு என்னும் விரதத்தோடு பொருத்திப் பார்ப்பது நல்லது.

இதுவரை கூறியது மனைக்குள் நிகழ்ந்தது. வாயிலுக்கு வெளியே நிகழ்ந்தது வேறு. கவுந்தியடிகள் கூறிய வணிகர் பேச்சை இப்போது எடுத்துக்கொள்வோம். புறஞ்சேரியிலிருந்து நகரைக் காணச் செல்லும்போதே தன் குலத்து வணிகர்களுக்கு நிலையை அறிவித்து வருவதாகக் கோவலன் சொல்லிச் சென்றான். கடைவீதிகளையும் மணிகளின் வகைகளையும் கண்டு வியந்து திரும்பினான். வணிகர் எவரையும் சந்தித்ததாகக் காப்பியத்தில் இல்லை. மனையில் உண்டு முடித்தபின் ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு தனியே புறப்பட்டான். மாதரியிடம் கலந்துகொண்டதாகவும் இல்லை. தெருவில் நூறு பொற்கொல்லர் சூழ வந்த அரண்மனைக் கொல்லன் ஒருவனை, அவனது ஆரவாரத்தைக் கண்டே நம்பினான். முன்பின் அறியாதவனிடம் தன் முதலனைத்தையும் காட்டினான். அதன்பின் நிகழ்ந்தது யாவரும் அறிந்தது.

ஊழ்வினை உருத்து வந்தது என்பது நூலின் கருத்து. அதை மறுக்க நாம் முற்படவில்லை. வினை தன் பயனை ஊட்டுவதற்கும் ஒரு வாயில் வேண்டும் அல்லவா? அவ்வாயிலைக் கோவலனின் அவசரமும் தனிமையும் திறந்து வைத்தன. இன்று வேலை வாங்கித் தருவதாகவும், விசா முடித்துத் தருவதாகவும், ஒப்பந்தமின்றி வீடு தருவதாகவும் கூறுவோரிடம் முன்பணம் கொடுத்து ஏமாறுவோர் செய்வதும் இதுவே. ஊரில் முன்பே வாழும் ஒருவரிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம்.

அவ்வாறு கேட்பதற்கு இன்று இடங்கள் உள்ளன. சிங்கப்பூரில் சமண சங்கம் உண்டு. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 1988ஆம் ஆண்டு பிரதிட்டை நடைபெற்ற ஜினாலயத்தில் சுவேதாம்பரர், திகம்பரர் இருசாராரும் வழிபடுகின்றனர். அங்குள்ளோர் பெரும்பாலும் குஜராத்தி பேசுவோர். நம் திகம்பர மரபுக்கும் அவர்கள் மரபுக்கும் சிற்சில வேறுபாடு உண்டு. மொழி தெரியவில்லை என்று ஒதுங்க வேண்டியதில்லை. சூரியன் மறையுமுன் உண்பது அவர்களுக்கும் தெரியும்.

மேலைநாட்டில் இந்நோன்புடன் வாழ்வது இயலாது என்பாருக்கு வீர்சந்த் காந்தி அவர்களை நினைவூட்டலாம். 1893ஆம் ஆண்டு சிகாகோ சமயப் பேரவைக்குச் சமணத்தின் சார்பில் சென்றவர் அவர். துறவியர் கடல் கடந்து செல்லலாகாது என்னும் விதியால் ஆத்மாராம்ஜி மகராஜ் இல்லறத்தாராகிய இவரை அனுப்பினார். 1896இல் மீண்டும் அமெரிக்கா சென்றபோது மனைவியையும் மகனையும் உடன் அழைத்துச் சென்றார். அன்று சமணர் கோயிலோ கடையோ அங்கு ஒன்றும் இல்லை.

நடைமுறையில் பெருந்தடை கதிரவனே. காஞ்சியில் ஆண்டு முழுவதும் மாலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையே மறைபவன், இலண்டனில் டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே மறைந்து, ஜூனில் ஒன்பது மணிக்குப் பின்னும் ஒளி தருகிறான். சிங்கப்பூரில் எக்காலத்தும் ஏழு மணியை ஒட்டியே மறைவதால் அங்குச் செல்வோர்க்கு இடர் குறைவு. மறைவுக்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம் முன்னரே உண்டு முடிப்பது நம் முறை. ஆகவே இலண்டனில் குளிர்காலத்தில் மாலை உணவு மூன்று மணிக்கு அலுவலகத்திலேயே முடிய வேண்டும். மூன்று மணிக்குக் கால்மணி நேரம் வேண்டும் என்று பணியில் சேரும் முதல் வாரத்திலேயே மேலாளரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னவர்க்குப் பெரும்பாலும் மறுப்பு வருவதில்லை. சொல்லாமல் ஒளித்து உண்போர்க்கே நாணமும் தடையும். மாதரி கூறியதுபோல் நேராகக் கூறுதல் நலம்.

உணவுப் பொருள்களின் உறைகளைப் படிக்கும் பழக்கமும் வேண்டும். ஜெலட்டின் விலங்கின் தோல், எலும்பு முதலியவற்றிலிருந்து எடுக்கப்படுவது. பாலாடைக்கட்டி சிலவற்றில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரெனட் சேரும். சிவப்பு நிறத்துக்குக் கொச்சினீல் என்னும் பூச்சியை அரைத்துச் சேர்ப்பதுண்டு. சிங்கப்பூர், மலேசியச் சம்பால்களில் பெலாச்சான் என்னும் இறால் விழுது இருப்பது வழக்கம். காய்கறிக் குழம்பு என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பலாகாது. வெளிநாட்டு உணவகத்தில் "சைவம்" என்று சொல்வதைவிட "மீன், முட்டை, இறைச்சி, வேர்க்கிழங்கு இல்லாமல்" என்று விரித்துக் கூறுவது பயன் தரும்.

மாதரியின் இடத்தில் நின்று பார்க்க வேண்டிய காலமும் நமக்கு வந்துள்ளது. நம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு ஹூண்டாய் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது முதல் கொரிய நாட்டுத் தம்பதியர் பலர் இப்பகுதியில் சில ஆண்டுகள் தங்கிச் செல்கின்றனர். அவர்கள் உணவு நம் உணவன்று. அவர்கள் அடுப்பில் ஏறுவதை நம்மால் ஏற்கவும் இயலாது. ஆயினும் நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும், எந்த மருத்துவர் நம்பத்தக்கவர், ஆட்டோவுக்கு என்ன கொடுக்கலாம் என்று சொல்ல நம் வீட்டு வாசலில் தடை ஒன்றும் இல்லை.

அடைக்கலம் ஏற்றவள் அதை எவ்வளவு பெரிதாகக் கருதினாள் என்பதை நீர்ப்படைக் காதையில் காண்கிறோம். அடைக்கலம் இழந்தேன் என்று கதறிய மாதரி நள்ளிரவில் தீயில் புகுந்தாள். செய்தியறிந்த கவுந்தியடிகள் உண்ணாநோன்பு ஏற்று உயிர் நீத்தார். மாதரியின் முடிவு நம் அறத்துக்கு உடன்பாடன்று. ஆனால் அவளது துயரம் நமக்குப் புரிகிறது. சில நாழிகை தன் மனையில் இருந்த அயலூர்ப் பெண்ணுக்காக ஏற்பட்ட துயரம் அது. ஐயை உயிரோடிருந்தாள். பின்னாளில் கண்ணகியின் செவிலியும் தோழியரும் புகாரிலிருந்து மதுரைக்கு வந்து அவளைக் கண்டனர். அன்று அடுப்பு மூட்டிக் கொடுத்த ஐயை, அவர்களோடு சேரநாடு வரை நடந்து, வஞ்சியில் கண்ணகி கோட்டத்தின் முன் நின்றதை வாழ்த்துக் காதை கூறுகிறது.